பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு என்ற பேச்சு இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும். அந்தப் பேச்சில் உயிர்மருத்துவப் பொறியியலும் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் என் தாயாருக்கு நெஞ்சுவலி. இங்கே ஏற்காடு மலையிலேயே இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் இருந்தார். இசிஜி இயந்திரமோ துணி போர்த்தி மூலையில் கிடந்தது. பழுதாகி இரண்டு மாதமாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் சேரும்வரை அம்மாவின் கையை நான் விடவில்லை. பிழைத்துக்கொண்டார். கெட்டுப்போயிருந்தது காலில் மாட்டும் ஒரு கம்பி மட்டும்தான் என்று பிறகு தெரிந்தபோது, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருத்துவம் என்றதும் டாக்டர், நர்ஸ் என்ற இருவரைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். டயாலிசிஸ் இயந்திரம், வென்டிலேட்டர், குறைமாதக் குழந்தையை வைக்கும் இன்குபேட்டர் ஆகியவற்றை உருவாக்கவும் பழுதின்றி ஓடவைக்கவும் கற்றுத்தரும் படிப்புதான் உயிர்மருத்துவப் பொறியியல்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர்களும் சேர்ந்து செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாத காலம் அது. உலோக வளையத்துக்குள் ஒரு சிறு தட்டு; இதயத் துடிப்புக்கு ஏற்ப அது ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதை வகுப்பில் சொன்னபோது, "அந்தத் தட்டு தேயாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரை அப்பா கழற்றும்போது, தேய்ந்த செப்புத் தகட்டைக் கையில் வாங்கிப் பழகியவள் அவள். அந்தப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லாடியதும் இதே கேள்வியோடுதான். பெண்பிள்ளைக்கு மெஷின் வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவளைத்தான் காட்டுவேன்.

இந்தப் படிப்புக்கு நீட் தேர்வு கிடையாது. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிடுகிறார்கள். எனவே, உயிரியல் பிடிக்கும் பிள்ளை கணிதத்தையும் கைவிடாத பிரிவில் சேரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

முடித்தவுடன் கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்ட மாட்டேன். கல்லூரிக்குக் கல்லூரி தரமும் வேறு. மாணவர்களை மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று விசாரித்துவிட்டே சேருங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளையோடு பள்ளிக்கு வாருங்கள். கூலியை விட்டு வர முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள். ஞாயிறன்று நானே உங்கள் லைன் வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்