பகுதிநேரப் படையா, மலிவான முழுநேரப் படையா? பிராந்திய ராணுவம் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும் பிராந்திய ராணுவத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

டி.ஏ. எனப்படும் பிராந்திய ராணுவம் (Territorial Army) என்றதும் பலருக்கு, அதில் கௌரவ அதிகாரியான கிரிக்கெட் வீரர் தோனியின் மெரூன் தொப்பிதான் நினைவுக்கு வரும். 2025 மே மாத அறிவிக்கை அந்த நிலையைக் கொஞ்சம் மாற்றியது. 1948ஆம் ஆண்டு டி.ஏ. விதிகளில் 33ஆம் விதியின்படி டி.ஏ. அதிகாரிகள், வீரர்கள் அனைவரையும் அழைக்கும் அதிகாரம் தரைப்படைத் தளபதிக்குக் கிடைத்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ 2028 பிப்ரவரி 9 வரை பணியில் இறக்கவும் ஒப்புதல் வந்தது. செய்திகள் அத்தோடு நின்றுவிட்டன. அதே அறிவிக்கையில், பட்ஜெட்டில் பணம் இருந்தால் அல்லது உள்சேமிப்பில் பணம் கிடைத்தால் மட்டுமே பட்டாலியன்களைப் பணிக்கு அழைக்கலாம் என்றும் ஒரு வரி உண்டு. மிச்சம் பிடித்த காசில் நடத்தும் சேமப்படையை (தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் படையை) எந்தத் தளபதி நம்பித் திட்டம் போடுவார்?

இந்தப் படையை 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்தபோது இருந்த எண்ணம் தெளிவானது. சொந்தத் தொழில் உள்ள குடிமகன் ஆண்டுக்கு இரண்டு மாதம் பயிற்சி எடுப்பான், ஆபத்து வந்தால் வருவான், முடிந்ததும் வேலைக்குத் திரும்புவான். இன்றும் அதிகாரியாகச் சேர 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும், பட்டம் வேண்டும், சம்பாதிக்கும் தொழில் வேண்டும். அழைப்பில் இருக்கும் நாட்களுக்கு வழக்கமான ராணுவச் சம்பளம். வீட்டில் இருக்கும் நாட்களுக்கு ஒன்றுமில்லை.

ஜவான்கள் கதை வேறு. கோவையில் 110ஆவது பட்டாலியனுக்கோ திருச்சியில் 117ஆவது பட்டாலியனுக்கோ ஆள்சேர்ப்பு முகாம் என்றால், வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழிலை வைத்துக்கொண்டு பகுதிநேரமாகச் சேவை செய்ய வருவதில்லை. நான்கு ஆண்டு மட்டும் சேர்க்கும் அக்னிவீர் திட்டத்தின் வாசல் இருபதுகளின் தொடக்கத்திலேயே மூடிவிடுகிறது, இது 42 வரை திறந்திருக்கிறது என்பதால் வருகிறார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும், ராணுவத்துக்கு ஆள் வேண்டும். பட்டாலியனைத் திருப்பி அனுப்பும் உத்தரவு வரும் நாள்வரை இருதரப்புக்கும் இது வசதிதான்.

அன்றுதான் கணக்கு இடிக்கிறது. பென்ஷனுக்கு ஜவான் 15 ஆண்டும் அதிகாரி 20 ஆண்டும் நேரடிப் பணி, அதாவது அழைப்பில் இருந்த பணி, காட்ட வேண்டும். 13 ஆண்டு காஷ்மீரிலும் வடகிழக்கிலும் நின்றவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அவனுக்குப் பென்ஷன் கிடையாது. பணியால் வந்த ஊனமோ வீரப் பதக்கமோ இல்லாவிட்டால் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. பயிற்சி நாட்கள் உட்பட ஒவ்வொரு நாளையும் பதிந்து, விகிதப்படி ஓய்வூதியம் கொடுங்கள். பகுதிநேரச் சேவைக்கு எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற விதி பொருந்தாது.

அடுத்து, அவனுடைய பழைய வேலை. டி.ஏ. சட்டத்தின் 7ஏ பிரிவு, பணி முடித்து வருபவரை முதலாளி மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மறுத்தால் ஆறு மாதச் சம்பளம்வரை இழப்பீடு. அந்த உத்தரவையும் மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. இன்று அதை வசூலிக்க ஆகும் செலவே அதைவிடக் கூடுதல். அபராதத்தை ஏற்றினால் மட்டும் போதாது. மூன்று பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் ஒரு ஃபிட்டர் 60 நாள் போனால் ஒரு மெஷின் நிற்கும். அடுத்த முறை அந்த முதலாளி டி.ஏ. ஆளை எடுக்கவே மாட்டார். பயிற்சித் தேதியை 90 நாள் முன்பே எழுத்தில் கொடுங்கள். மாற்று ஆளுக்கு ஆகும் கூடுதல் கூலியைச் சிறு நிறுவனங்களுக்கு ஈடுசெய்யுங்கள். பிரிட்டனில் சேமப்படையினரை அனுப்பும் முதலாளிகள் இத்தகைய செலவைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது.

அழைப்பு வந்தபின் எங்கே ஆள் குறைகிறது என்பதையும் பாருங்கள். கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகிறது. ஆள் வேறு ஊருக்கு மாறிப் பல காலம் ஆகியிருக்கும். வந்தவருக்கு மருத்துவப் பரிசோதனை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அன்றுதான் தெரியவருகின்றன. அடுத்து ஆயுதம். அவர் கை பழகியது 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கி, கொடுக்கப்படுவது 7.62 மி.மீ. ஏகே-203ஆக இருந்தால் சேஃப்டி, மேகசின் மாற்றும் விதம், பின்னுதைப்பு எல்லாம் வேறு. துப்பாக்கியை ஜீரோ செய்யவும் (குறி சரிபார்க்கவும்) கை பழகவும் சுடும் ரேஞ்சில் நாள் வேண்டும், ரேஞ்சோ வழக்கமான படைப்பிரிவுகளுக்கே போதவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைபேசியில் முகவரி உறுதி, முன்னறிவிப்பில்லாமல் ஒரு கம்பெனியை (பட்டாலியனின் ஒரு பிரிவை) அழைத்துப் பார்க்கும் ஒத்திகை ஆகிய மூன்றையும் செய்தால் பாதி ஓட்டை அடைபடும். செலவும் அதிகமில்லை.

ரயில்வே, எண்ணெய் நிறுவன ஊழியர்களைக் கொண்ட துறைசார் டி.ஏ. பிரிவுகளைப் பொறுத்தவரை நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்பது எங்கள் கருத்து. 2021இல் ரயில்வே பொறியாளர் டி.ஏ. ரெஜிமெண்டுகள் ஆறில் ஜமால்பூரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் கலைக்க முடிவானது. துப்பாக்கி பிடிக்க ஒருவருக்குச் சில மாதங்களில் கற்றுத்தரலாம். சரக்கு ரயில் ஓட்டவும், ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட் உடைந்தால் சரிசெய்யவும், எண்ணெய்க் குழாயில் வால்வு மாற்றவும் அப்படிக் கற்றுத்தர முடியாது. சேமப்படையின் அருமையே இந்த ஆட்களில்தான் இருக்கிறது. சீன மொழி தெரிந்தவர்களை டி.ஏ.வில் எடுத்தது சரியான புத்தி. அதே வழியில் சைபர், ட்ரோன் பழுதுபார்ப்பு, மருத்துவம் என்று திறன் வாரியாகப் பதிவேடு திறக்கலாம். மரம் நடும் சூழலியல் பட்டாலியன்கள் நல்ல வேலை செய்கின்றன. 1982இல் கார்வாலில் தொடங்கிய அந்த முறையைத் தொட வேண்டாம்.

அக்னிவீரர்கள் விஷயம் உடனடியாக முடிவெடுக்க வேண்டியது. 2022இல் தரைப்படைக்கு அறிவித்த முதல் ஆண்டு எண்ணிக்கை 40,000. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர முடியும். எனவே அந்த ஓர் ஆண்டு ஆட்களில் மட்டும் சுமார் 30,000 பேர் வெளியேறுவார்கள். பயிற்சி பெற்றவர்கள், உடல்தகுதி உள்ளவர்கள், இன்றைய ஆயுதம் பழகியவர்கள். விருப்பமுள்ளவர்களை விடுவிப்பு நாளன்றே, அதே மேசையில், சொந்த மாவட்டத்துக்கு அருகிலுள்ள டி.ஏ. பட்டாலியனில் பதியுங்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 14 நாள் பயிற்சி, வீட்டில் இருக்கும் மாதங்களுக்கும் ஒரு சிறு தொகை. ஆறு மாதம் கழித்துத் தேடினால் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது.

முடிவாக ஒரு கோரிக்கை. இப்போது அழைக்கப்படும் 14 பட்டாலியன்களில் எத்தனை பேருக்குக் கடிதம் போனது, எத்தனை பேர் எத்தனை நாளில் வந்தார்கள், மருத்துவத்தில் எத்தனை பேர் கழிந்தார்கள், திரும்பியபோது எத்தனை பேரின் பழைய வேலை போயிருந்தது என்ற பட்டியலைப் பாதுகாப்புத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு முன் வையுங்கள். 2028 பிப்ரவரிக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் வையுங்கள்.

இப்படிக்கு,
சேமப்படை அமைப்பைத் தொடர்ந்து கவனித்து வருவோர்