பலூனுக்குள் இருப்பது பற்றி: லண்டன் தமிழ்ப் பாடசாலை, கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கடந்த மாசியில் ஒரு காலை, வாஷ்பேசினுக்கு முன்னால் நின்று முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிய என் அக்காவின் மகன் அப்படியே சரிந்து விழுந்தான். வயது 19. அதற்கு முன் இரண்டு கிழமையாக, "சித்தி, கால் விறைக்குது, பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். புதுச் சப்பாத்து இறுக்கம் என்று நினைத்தோம். அக்கா நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டா.

பழுதாகியிருந்தது அவனுடைய முள்ளந்தண்டு வடம். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் கெட்டுவிட்டால், கண்தான் ஆளை நிமிர்த்தி வைத்திருக்கும். கண்ணை மூடினால் விழ வேண்டியதுதான்.

காரணம் நைட்ரஸ் ஒக்சைட். 1799 இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி தானே சுவாசித்துப் பார்த்துச் சிரிப்பு வாயு என்று பெயர் வைத்தது. பிள்ளைப்பேற்று வலிக்கு ஆஸ்பத்திரியில் இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே பாதிக்குப் பாதி ஒக்சிஜன் கலந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் 21ஆவது பிறந்தநாள் நடக்கும் மண்டபத்துக்குப் பின்னால், கார் தரிப்பிடத்தில் பலூனில் நிரப்பி இழுப்பது தனி வாயு. கையில் பலூன் இருப்பதால் நாங்களும் கவனிப்பதில்லை. சிறிய வெள்ளிக் குப்பியில் 8 கிராம். இப்போது 600 கிராம் சிலிண்டர்களும் வருகின்றன, அதாவது ஒன்றுக்குள்ளேயே 75 குப்பி. கிறுகிறுப்பு ஓரிரு நிமிடத்தில் போய்விடும், அதனால்தான் விடிய விடிய இழுக்கிறார்கள்.

இந்த வாயு விற்றமின் பி12ஐச் செயலிழக்கச் செய்துவிடும். பி12 இல்லாமல் நரம்பைச் சுற்றியுள்ள உறை தாக்குப்பிடிக்காது. மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளில் பலருக்கு அது ஏற்கெனவே குறைவு. நானும் சைவம்தான், மாறச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கிட்ட நிற்கிறது என்பதை அவர்களுக்கு யார் சொன்னோம்? பி12 குளிசை போட்டுக்கொண்டு இழுத்தால் ஒன்றும் செய்யாது என்று அவர்களுக்குள் ஒரு கதை உலவுகிறது. அது பொய். இழுக்கும் வரை உள்ளே போகும் பி12உம் கெட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் பார்த்த வைத்தியர் இரத்தத்தில் பி12 அளவு சரி என்று அனுப்பிவிட்டார். அளவு சரியாக இருந்தும் அது வேலை செய்யாமல் இருக்கலாம். அதைக் காட்டித்தருவது இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை அளப்பது போன்ற வேறு பரிசோதனைகள். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பிள்ளை பலூனைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அம்மா பக்கத்தில இருந்தா, எப்பிடிச் சொல்லுறது?" என்று பிறகு என்னிடம் கேட்டான். 2023 நவம்பர் 8 முதல் போதைக்காக இதை வைத்திருப்பதே குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. அந்தப் பயம் வேறு. வைத்தியரிடம் சொன்னதை அவர் பொலிசுக்குக் கொண்டுபோக மாட்டார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பி12 ஊசி தொடங்க மூன்று கிழமை பிந்தியது. அந்த மூன்று கிழமையை நினைத்தால் எனக்கு இன்னும் நித்திரை வருவதில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்தில் அரை மணித்தியாலம் தாருங்கள். உறுதிமொழி, சுவரொட்டி ஒன்றும் வேண்டாம். எங்கள் ஆட்களில் எத்தனையோ வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிடுங்கள். கால் விறைப்பு, தள்ளாட்டம், கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு: இவை தெரிந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொல்லட்டும். பிள்ளையை வைத்தியரிடம் தனியாகப் பேசவிடும்படி பெற்றோருக்கும் சொல்லட்டும்.

என் பெறாமகனும் வந்து பேசச் சம்மதித்திருக்கிறான். மேடையில் ஒரு கதிரை போட்டு வையுங்கள், அவனால் இன்னும் கனநேரம் நிற்க முடியாது.

அன்புடன்,
ஹரோவிலிருந்து ஒரு சித்தி