கூச்சத்துக்குப் பெயர் தெரியாத பெண்கள்

ஆசிரியருக்கு,

என் மகளின் விடுதி அறைத்தோழிகள் இருவர். லேப் உதவியாளர் தங்கள் தோளில் கை வைத்துப் பேசியதற்கு டெல்லிப் பெண் அன்றைக்கே புகார் எழுதலாம் என்றாள், கிராமத்திலிருந்து வந்தவளோ ‘வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாங்க’ என்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் கூசத்தான் செய்தது, அதற்குப் பெயர்தான் தெரியவில்லை. நாமே ‘ஈவ் டீசிங்’ என்று விளையாட்டுப் போலச் சொன்னவர்கள்தானே. 1998இல் சென்னையில் ஒரு மாணவி இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டமே வந்தது. சரி, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி புகார் கொடுக்க 3 மாதம், தக்க காரணமிருந்தால் இன்னும் 3 மாதம். வீட்டுக்குப் பயப்படுகிற பெண்ணுக்கு இது போதுமா? இத்தகைய புகார்களை விசாரிக்கும் கல்லூரிக் குழுவில் யார் யார் என்பதையாவது விடுதிச் சுவரில் தமிழில் ஒட்டலாம். மெஸ் மெனுவை மட்டும் வாரம் தவறாமல் ஒட்டுகிறார்கள்!

– ஒரு மாணவியின் தாய், மதுரை