பாப்பாவுக்கு, அந்த பயாப்சி ரிப்போர்ட் பத்தி

பாப்பா, நீ அனுப்புன கர்ப்பப்பை வாய் பயாப்சி ரிப்போர்ட் போட்டோவ பெருசு பண்ணி ரெண்டு தடவ படிச்சுட்டேன். போன்ல பேசினா நீ அழுவ, நானும் கூட சேந்துக்குவேன், அதான் டைப் பண்றேன், தப்பு கிப்பு இருந்தா கண்டுக்காத.

மொதல்ல ஒண்ணு, இது கேன்சர் இல்ல. சிஐஎன் 2ன்னுதான் போட்டிருக்காங்க, அதாவது கேன்சருக்கு முந்தின கட்டத்துல செல் மாறியிருக்கு, அதுக்கு கீழயே இன்வேஷன் இல்ல, ஆழமா ஊடுருவலன்னும் எழுதியிருக்காங்க, நீ அந்த வரிக்கு வர்றதுக்குள்ளயே கூகுள் பக்கம் ஓடிட்டன்னு நினைக்கிறேன்.

பாண்டிச்சேரில லேப்ல வேலை பாத்தப்ப இந்த மாதிரி பயாப்சி எத்தனையோ என் கையால போயிருக்கு. ஃபார்மலின் பாட்டில்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர்ல ஒரு துணுக்கு கிடக்கும், அது ராத்திரி முழுக்க மெஷின்ல ஓடி, காலைல மெழுகு ஊத்தி பிளாக் ஆக்கி, மைக்ரோடோம்ல 4 மைக்ரான் கனத்துக்கு சீவுனா ரிப்பனா வரும், அத வெதுவெதுப்பான தண்ணில மிதக்க விட்டு சுருக்கம் போனதும் ஸ்லைடுல ஏந்தி எடுக்கணும், மூச்சு விட்டா கூட பறந்துடும். அப்புறம் கலர் ஏத்துனா ஒவ்வொரு செல்லோட நியூக்ளியசும் ஊதாவா தெரியும். பத்தாலஜி டாக்டர் அதுல முக்கியமா பாக்குறது, கர்ப்பப்பை வாய் தோல்ல கோளாறான செல் அடியிலேந்து எவ்ளோ உயரம் ஏறியிருக்குன்னு. நம்ம மஞ்சக்குப்பம் வீட்டுல பின்கட்டு செவுத்துல ஓதம் ஏறுமே, அந்த மாதிரி. மூணுல ஒரு பங்குக்குள்ள நின்னா சிஐஎன் 1, மூணுல ரெண்டு பங்கு வரைக்கும்னா 2, அதுக்கும் மேல போயிட்டா 3. கேன்சர்னா கதையே வேற, அடியில மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, அத கிழிச்சுகிட்டு கீழ எறங்கணும். உனக்கு எறங்கல.

ஹெச்சில்னு போட்டிருக்கறது சிஐஎன் 2, 3 ரெண்டுக்கும் சேத்து வச்ச பேரு, புதுசா இன்னொரு வியாதி இல்ல. பி16 பாசிட்டிவ்னு இருக்கறதையும் பாத்து பதறிருக்க. இந்த 2ங்கறதுதான் டாக்டர்களுக்கே குழப்புறது, ஒரே ஸ்லைட ஒருத்தர் 1ம்பாரு இன்னொருத்தர் 3ம்பாரு, அதனால பி16ங்கற கலர் டெஸ்ட போட்டு உறுதி பண்ணிக்கிறாங்க, அவ்ளோதான். மெட்டாபிளேசியான்னா ஒரு வகை செல் இன்னொரு வகையா மாறுறது, க்ரானிக் செர்விசைட்டிஸ்னா கர்ப்பப்பை வாய்ல நாள்பட்ட அழற்சி, ரெண்டும் நம்மூரு பொம்பளைங்க ரிப்போர்ட்ல சர்வசாதாரணமா வரும், அத விட்டுடு. கருப்பா பிசுபிசுன்னு படுதுன்னியே, அது பயாப்சி எடுத்த எடத்துல ரத்தம் நிக்க தடவுன மருந்து. நாத்தம் அடிச்சாலோ ஜுரம் வந்தாலோ ரத்தம் நெறைய போனாலோ மட்டும் உடனே போய் காட்டு.

இப்ப நீ கேக்காம கேட்ட விஷயத்துக்கு வரேன். ஹெச்பிவின்னா இந்த கோளாற உண்டாக்குற வைரஸ், உறவுல பரவும், அதுல 16ங்கற வகை பாசிட்டிவ்னதும் மாப்ளைய ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிருக்க, குரல்லயே தெரியுது. அந்த வைரஸ் எப்ப வந்துச்சு யார்கிட்டேந்து வந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட் ஒலகத்துலயே கெடையாது. வருஷக்கணக்கா உடம்புல சத்தமில்லாம கெடந்துட்டு திடீர்னு டெஸ்ட்ல தெரியும், வாழ்க்கைல ஒரு தடவையாவது இது வராதவங்கதான் கம்மி, முக்காவாசி பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும், போகாம தங்கிடுற சிலருக்குதான் இந்த வேலையெல்லாம். அதனால அவர குடையாத. உன் மாமியார்கிட்ட சொல்லணும்னும் அவசியமில்ல, அவங்க நல்லவங்கதான், ஆனா சாயங்காலத்துக்குள்ள சொந்தக்காரங்க எல்லாருக்கும் போயிடும்.

உன் சித்தி ஒருபக்கம் "ஒரு புள்ள இருக்குல்ல, கர்ப்பப்பைய எடுத்துட்டா நிம்மதி"ன்றா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். நம்ம பக்கம் வெள்ளப்படுதுன்னு போனா கூட எடுத்துடலாம்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, நாப்பது வயசுக்குள்ள எடுத்துட்டு வந்து நிக்கிறவங்கள எவ்ளோ பாத்திருக்கேன். சிஐஎன்னுக்கு மொத வைத்தியம் அது இல்லவே இல்ல. எடுத்தா கூட வைரஸ் உள்ள மிச்ச எடத்துல இருக்கலாம், அப்பவும் செக்கப்புக்கு போய்தான் ஆகணும். யாராவது அப்படி சொன்னா எந்திரிச்சு வந்துடு, பிளாக்கும் ஸ்லைடும் லேப்ல கேட்டா குடுப்பாங்க, அத எடுத்துகிட்டு வேற பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம், ஜிப்மர்ல காட்டணும்னாலும் இங்க கொண்டா.

உனக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு லீப், மரத்துப்போற ஊசி போட்டு கரண்ட் கம்பி வளையத்தால அந்த எடத்த மட்டும் சீவி எடுக்குறது, கொஞ்ச நேர வேலை, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். அதுல ஆழமா எடுத்துட்டா அடுத்த பிரசவம் கொஞ்சம் முன்னாடியே ஆகுற ரிஸ்க் ஏறும், நீ இன்னொரு புள்ள வேணும்ங்கறதால இத டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லணும். இன்னொண்ணு எடுக்காம ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாய லென்ஸ் வச்சு பெருசு பண்ணி பாக்குறது, அத பாத்துகிட்டே இருக்கறது. சிஐஎன் 2ல ரெண்டு வருஷத்துல பாதி பேருக்கு தானா சரியாயிடுது, அஞ்சுல ஒருத்தருக்கும் கம்மியாதான் மேல ஏறுது. ஆனா உனக்கு 16, அது கொஞ்சம் முரட்டு டைப்பு, அதனால டாக்டர் லீப்தான் நல்லதுன்னா காசுக்கு சொல்றாங்கன்னு நினைக்காத. அதே மாதிரி பாத்துக்கலாம்னா ஒரு விசிட் கூட விடக்கூடாது, உன் ஆபீஸ் லீவு கதையெல்லாம் அங்க செல்லாது. கர்ப்பப்பை வாய்ல ஒரு வகை செல் இன்னொரு வகையா மாறுற எடம் முழுசா கண்ணுக்கு தெரிஞ்சுதா, உள்பக்கம் சுரண்டி எடுத்தாங்களே அது என்னாச்சுன்னும் மறக்காம கேளு, ரிப்போர்ட் ரெண்டாவது பக்கத்த நீ எனக்கு அனுப்பல. லீப் பண்ணுனாலும் எடுத்த துண்டோட ஓரம் கிளியரான்னு பாக்கணும், ஆறு மாசத்துல ஹெச்பிவி டெஸ்ட், அப்புறம் 25 வருஷத்துக்கு விடாம செக்கப். குட்டிக்கு 9 வயசு ஆனதும் தடுப்பூசி போட்டுடலாம், அது என் செலவு.

டாக்டர் தேதி குடுத்ததும் சொல்லு, நான் டிக்கெட் போடணும், குட்டிய நான் பாத்துக்கறேன். அப்பாகிட்ட சின்ன ஆபரேஷன்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கேன், நீ போன் பண்ணா அதையே சொல்லு, மாத்தி கீத்தி சொல்லிடாத.

அம்மா