டின் வாங்கும் முன் நாற்காலியைப் போடுங்கள், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சி,

குலசேகரத்துக் கடையில் பார்த்த புரதப் பவுடரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையூன்றாமல் எழ முடியவில்லை, தொடை மெலிந்துவிட்டது என்றும் சொன்னீர்கள். வெறும் பவுடரால் தொடை தேறாது. பாரம் தாங்கும் தசைக்குத்தான் புரதம் உதவும். தினமும் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி நடப்பதை விட வேண்டாம், நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. தொடைப் பலத்துக்கு மட்டும் அது போதாது. அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி வேண்டும்.

கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி தரையில் வழுக்கும், வேண்டவே வேண்டாம். இருக்கையில் தலையணை வைத்து உயர்த்தினால் முதலில் எளிதாக இருக்கும். மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். பலரும் தொப்பென்று விழுந்துவிடுகிறார்கள். தசைக்குப் பாதி வேலை இறங்குவதில்தான் இருக்கிறது. 8 முறை எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி 3 சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் போதும். 12 முறை லேசாக வந்துவிட்டால் தலையணையை எடுங்கள். அதுவும் லேசானால் 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். பாரத்தைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதையே செய்துகொண்டிருந்தால் பலம் அங்கேயே நின்றுவிடும். தொடை இரண்டு நாள் வலித்தால் பயமில்லை. நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இனி சாப்பாடு. வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். உங்கள் 60 கிலோவுக்கு 60 முதல் 72 கிராம். வயதான தசை கொஞ்சப் புரதத்துக்கு அசையாது. அதனால் ஒரு வேளைக்கு 25 கிராம் அளவில் சேருவது நல்லது. புட்டும் பழமும் 8 கிராமைத் தாண்டாது. அதே புட்டோடு 50 கிராம் சிறுபயறை அவித்து, இரண்டு முட்டையும் சேர்த்தால் 30 ஆகிவிடும். மதியம் சோற்றோடு சுத்தம் செய்த சாளை மீன் 100 கிராம், கிட்டத்தட்ட 25. ராத்திரிதான் சிக்கல். மரச்சீனியும் மிளகுத் துவையலும் வயிறு நிரப்பும், புரதம் சொற்பம்தான். அதற்கு மீன்குழம்பு கட்டாயம் வேண்டும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டையும் பயறும் கைகொடுக்கும். கருவாட்டை நம்ப வேண்டாம், உப்பு அதிகம்.

இத்தனையும் சாப்பிட்டால் பவுடர் தேவையில்லை. காய்ச்சலுக்குப் பின் பசி எடுக்காதபோதோ, பல் இல்லாமல் மெல்ல முடியாதபோதோ அது உதவும். வாங்கினால் டின்னின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் 70க்கு மேல் இருக்கும். 20 என்றிருந்தால் மீதி பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். சர்க்கரை நோயாளிக்கு அது ஆகாது. கொதிக்கிற பாலில் போட்டால் கட்டிகட்டியாகும், ஆறியதில் கலக்குங்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறு உப்பும்.

சர்க்கரை இருப்பதால் முதலில் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மேலே சொன்ன அளவு உங்களுக்குப் பொருந்தாது, டாக்டர் சொல்வதே கணக்கு. ரிப்போர்ட்டையும் டின்னின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்.