பதிவு மேசைக்கு ஒரு நன்றி மடல்

கணினித் தணிக்கையாளர்களின் உலகளாவிய அமைப்பான ஐசாகாவின் நம் கிளை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதிய வேலையில் சேர்ந்துவிட்டேன். என் சிசா சான்றிதழும் (கணினித் தணிக்கையாளருக்கு ஐசாகா தரும் தொழில் சான்றிதழ்) பத்திரமாக இருக்கிறது. தனித்தனியாக விசாரித்தவர்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடந்த சில மாதங்களில் என்ன நடந்தது என்பதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது, மீதிப் பேர் கேட்காமலே புரிந்துகொண்டீர்கள். பதற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் இந்த மடல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்பதால் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் இந்த மடலில் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் மாதக் கூட்டத்தில் வாசலை ஒட்டிய மேசையில் ஒரு நீள நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

அந்த நோட்டை நாமெல்லாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! “கியூஆர் கோடு ஒன்று ஒட்டிவிட்டால் முடிந்தது சார்” என்று சொல்லாத இளைஞர் இல்லை. அவர் அசையமாட்டார். கையெழுத்து, வந்த நேரம், கிளம்பும் நேரம், மூன்றும் பேனாவில் இருக்க வேண்டும். பாதியில் நழுவுகிறவர்களைப் படிக்கட்டு வரை வந்து பிடித்து, “அவுட் டைம் போட்டுட்டுப் போங்க” என்பார். ஓய்வு பெற்ற பிறகும் ஆடிட்டர் ஆடிட்டர்தான்.

எனக்கு வேலை போன அன்று மாலையே அலுவலக மின்னஞ்சல், லேப்டாப், டிரைவ் எல்லாம் மூடப்பட்டன. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியேறுபவரின் அணுகலை அன்றைக்கே துண்டிக்க வேண்டும் என்று நானே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். என் சி.பி.இ. (சான்றிதழைத் தக்கவைக்கத் தேவையான தொடர் தொழிற்கல்வி) சான்றுகள் எல்லாம் அந்த டிரைவில்தான் இருந்தன. சில வாரம் கழித்து, தொடர் கல்வி மணிகளுக்கு ஆதாரம் அனுப்பச் சொல்லி ஐசாகாவிடமிருந்து மடல் வந்தது. இது யாருக்கும் வரக்கூடியதுதான், சான்றிதழ் வைத்திருப்பவர்களில் சிலரை அவ்வப்போது எடுத்துச் சரிபார்ப்பார்கள். சிசா வைத்திருப்பவர்களுக்கு விதி மனப்பாடம்: ஆண்டுக்குக் குறைந்தது 20 மணி, மூன்றாண்டுச் சுற்றுக்கு 120 மணி. ஆதாரத்தில் பெயர், நடத்திய அமைப்பு, தலைப்பு, தேதி, மணிக்கணக்கு எல்லாம் இருக்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் சான்றிதழ் ரத்தாகும். வேறு எந்த நேரத்தில் வந்திருந்தாலும் சமாளித்திருப்பேன். வேலை தேடி அலையும்போது விண்ணப்பத்தில் பெயருக்கு அடுத்ததாக நான் எழுத முடிந்தது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான்.

இணையவழி வகுப்புகளின் சான்றுகளை மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தது. கிளைக் கூட்டங்களுக்கு வந்ததற்கான ஆதாரத்துக்குத்தான் வழி தெரியவில்லை. கிளையின் பொது முகவரிக்கு இரண்டு வரி எழுதினேன், பழைய வருகைப் பதிவு ஏதாவது இருக்குமா என்று. பதில் எதுவும் வரவில்லை. கேட்டதே தப்போ என்று நினைக்கத் தொடங்கியபோது ஓர் உறுப்பினர் வீட்டுக்கே வந்து, “மேசை சார் கொடுக்கச் சொன்னார்” என்று ஒரு தடித்த காக்கி உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே நான் வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் நோட்டுப் பக்கத்தின் நகல் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் ஒரே ஒரு வரிதான் தெரிந்தது, என்னுடைய வரி. மேலும் கீழும் இருந்த மற்றவர்களின் பெயரையும் கையெழுத்தையும் வெள்ளைத் தாள் துண்டுகளால் மறைத்துவிட்டு நகல் எடுத்திருக்கிறார். துண்டின் ஓரம் விழுந்த நிழல் ஒவ்வொரு பக்கத்திலும் மெல்லிய சாம்பல் கோடாகத் தெரிந்தது. பக்கத்துக்கு இரண்டு துண்டு. வெட்டி, வைத்து, அடுத்த பக்கத்துக்கு மறுபடி வெட்டி வைத்திருக்கிறார். மற்றவர்களின் விவரம் எனக்கெதற்கு என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான்.

மேலே கையால் எழுதிய ஒரு பட்டியல். தேதி, தலைப்பு, பேசியவர், தொடங்கியது, முடிந்தது, இடைவேளை கழித்து நிமிடம், கடைசியில் மணி. 50 நிமிடம் ஒரு சி.பி.இ. மணி என்ற விதிப்படி ஒவ்வொன்றையும் வகுத்திருந்தார். கீழே தலைவர், செயலாளர் கையெழுத்தும் கிளை முத்திரையும். பட்டியலின் நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில் சின்னதாகக் குறிப்பு: “இடைவேளைக்குப் பின் கிளம்பினார். 1 மணி மட்டும்.” அதற்குச் சில வரி தள்ளி இன்னொன்று: “முதல்முறை ஆற்றிய உரை. பேசிய நேரத்துக்கு ஐந்து மடங்கு.” நான் ஒரு முறை கூட்டத்தில் பேசியது எனக்கே மறந்துபோயிருந்தது. உரை தயாரித்துப் பேசினால் விதிப்படி ஐந்து மடங்கு மணி உண்டு என்பதை அவர் மறக்கவில்லை.

ஐந்து மடங்கைப் பார்த்துச் சிரித்தேன். “1 மணி மட்டும்” என்ற வரியில்தான் அழுதுவிட்டேன். ஏன் என்று அப்போது புரியவில்லை. அந்த நாட்களில் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் மிருதுவாகப் பேசினார்கள், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்கக் கேட்க ஆள் இன்னும் சின்னதாகிவிடுகிறோம். இவர் ஒருவர்தான் என்னை எப்போதும்போல் ஓர் ஆடிட்டராக நடத்தினார். போனால் போகட்டும் என்று இரண்டு மணி போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அப்படிப் போட்டிருந்தால் அந்தப் பட்டியல் முழுவதும் எனக்குப் போட்ட பிச்சையாகத் தோன்றியிருக்கும். அந்த ஒரு மணியைக் கழித்துக் கொடுத்ததால் மற்ற மணிகள் எல்லாம் நான் சம்பாதித்தவை ஆயின.

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். “ரொம்ப நேரம் ஆகியிருக்குமே சார்” என்றதற்கு, “எனக்கென்ன வேலை? பழைய நோட்டு ரெண்டு அலமாரியில மாட்டிக்கிச்சு, சாவி வாங்கத்தான் அலைய வேண்டியிருந்துச்சு” என்றார். நான் நன்றி சொல்ல ஆரம்பித்ததும் பேச்சை மாற்றிவிட்டார். “அடுத்த கூட்டத்துக்கு வந்துடுங்க. வேலை இல்லைன்னு வராம இருக்காதீங்க, அப்பதான் வரணும்.” வைத்துவிட்டார்.

ஆதாரங்கள் ஏற்கப்பட்டன.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். என் விண்ணப்பத்தைச் சிவப்பு மையால் கிழித்துப் போட்ட இருவர், நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து நிஜத் தேர்வைவிடக் கடினமாகக் கேள்வி கேட்ட மேடம், காலியிடம் பற்றிய தகவலை வெளியே வருமுன் அனுப்பியவர், தன் மேலாளரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவர், எதுவுமே செய்ய முடியவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே வாரம் தவறாமல் பேசியவர், தேர்வுக்குப் படிக்கும் குழுவுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிட்டு, ‘இன்னும் எனக்குத் தொழில் தெரியும்’ என்று எனக்கே நிரூபித்தவர். பெயர் அட்டை அச்சிடும் தம்பிக்குத் தனி நன்றி. வழக்கமாகப் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயர் வரும் இடத்தைக் காலியாக விடாமல் ‘உறுப்பினர்’ என்று போட்டுக் கொடுத்தீர்கள். அதைப் பார்த்து யாரும் “இப்போ எங்கே இருக்கீங்க?” என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் யோசித்துப் பார்க்கும்போது, புதிதாகச் சேர வருகிறவர்கள் கேட்கும் கேள்வி நினைவுக்கு வருகிறது. உலகளாவிய உறுப்பினர் கட்டணம் கட்டியாயிற்று, கிளைக்கும் தனியாக ஏன் கட்ட வேண்டும்? எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே? நியாயமான கேள்வி. கோபிட் போன்ற, தகவல் தொழில்நுட்பத்தை நிர்வகிப்பதற்கான சட்டகங்கள், தேர்வு, பாடநூல் இவற்றுக்கெல்லாம் கிளை தேவையில்லை. நம் கூட்டங்கள் எல்லாமே பிரமாதம் என்றும் சொல்லமாட்டேன். சில மாலைகளில் பேச்சாளர் ஸ்லைடை அப்படியே வாசிக்க, பின் வரிசை முழுவதும் கைபேசியில் மூழ்கியிருக்கும். நானும் பின் வரிசையில் இருந்திருக்கிறேன்.

ஆனால் ஐசாகா தொடங்கியதே இப்படித்தான். கணினிகளுக்குள் கட்டுப்பாடுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை புதிதாக இருந்த காலத்தில், அதைச் செய்துகொண்டிருந்த சிலர் வழிகாட்ட ஆள் இல்லாமல் ஒன்றுகூடினார்கள். 1969இல் இ.டி.பி. (மின்னணுத் தரவுச் செயலாக்கம்) ஆடிட்டர்ஸ் அசோசியேஷன் என்று பதிவு செய்தார்கள். சிசா பட்டம் வந்தது 1978இல்தான். தேர்வு, பட்டம், விதிப்புத்தகம் எல்லாம் பிறகு வந்தவை. ஒரே வேலை செய்கிறவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டது முதலில் வந்தது. அந்த அறை இன்று கிளைகளில்தான் இருக்கிறது, அதுவும் சம்பளம் வாங்காதவர்களின் தயவில். அலுவலகத்தில் நமக்கு ஒரு பதவி, ஓர் எண், ஓர் அனுமதி அட்டை. அவை ஒரே மாலையில் போய்விடும் என்பதைப் பார்த்துவிட்டேன். கிளையின் நோட்டில் நான் எந்த நிறுவனம் என்று ஒரு பத்தியே கிடையாது.

இன்னொன்றும் தோன்றுகிறது, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வேலை போன பிறகு சேர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவும் கிடைத்திருக்காது. கூட்டத்தில் அன்பாக வரவேற்றிருப்பீர்கள், வேலைவாய்ப்புப் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். ஆனால் மேசை சாரின் நோட்டில் எடுத்துக் காட்ட என் கையெழுத்து இருந்திருக்காது. எனக்காக மேலாளரிடம் பேசியவர் நான் படிப்புக்குழுவில் வாதாடியதைப் பல முறை பார்த்தவர். அந்த நம்பிக்கையில்தான் பேசினார். ஆகவே நன்றாக இருக்கும்போது வராமல் இருக்கும் நண்பர்களே, சலிப்பான அந்த ஸ்லைடு மாலைகளுக்கும் வாருங்கள்.

இனி நான் செய்யப்போவது. தேர்வுக்குப் படிக்கும் இருவருக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன். வழிகாட்டுதலுக்கு ஆண்டுக்கு 10 மணி வரை சி.பி.இ. உண்டு, கணக்கெழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மேசை சார் விடமாட்டார் போலிருக்கிறது. அடுத்தது அந்த நோட்டுகள். அலமாரியில் இருக்கும் பழையவற்றில் ஒன்றின் தையல் விட்டுப்போயிருக்கிறது, ஒன்றில் மை மங்குகிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தேதி வாரியாகப் பட்டியலிட்டு, கிளையின் பாதுகாப்பில் வைக்க நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். மேசை சாரும் சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு: நோட்டு கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று பதிவு இருக்க வேண்டும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள், இரண்டு சனிக்கிழமை ஒதுக்க முடிந்தவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். வரும்போது பேனா கொண்டு வாருங்கள், அங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கிளை உறுப்பினர் ஒருவர்