வெளி ஆட்கள் கேட்கிற கேள்வி

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அக்கா சொன்னாள். காதை மூடாமல் வெளியே போகாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த செமஸ்டரில் அந்த தியேட்டர் வகுப்பை, கல்லூரியின் சினிமா தியேட்டரில் படம் போட்டுக் காட்டிப் பேராசிரியர் பேசுகிற வகுப்பை, எடுக்க மாட்டேன் என்றாய். டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளி ஆட்களும் வந்து உட்கார்ந்து ஏதேதோ கேட்கிறார்கள், பாதி நேரம் அதிலேயே போகிறது, படத்தை ரூமில் லேப்டாப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். போனில் இதைப் பேசினால் பேச்சு வேறு எங்கேயோ போய்விடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சாத்தூரில் ஒரு தியேட்டரில் பெண்கள் கவுன்ட்டரில் 11 வருஷம் டிக்கெட் கொடுத்தவள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சுவரில் ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. உள்ளே இருக்கிற எனக்குக் கை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளின் கை என்றால் விரல் நுனியில் மருந்துக் கறை இருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு வருவார்கள். காசை இறுக்கிப் பிடித்து வந்திருப்பார்கள், வாங்கும்போது வேர்வையில் நனைந்து சூடாக இருக்கும். ராத்திரி அன்றைய வசூல் கணக்கான டி.சி.ஆர். எழுதும்போது இத்தனை டிக்கெட், இத்தனை ரூபாய் என்றுதான் எழுதுவேன். ஆனால் எனக்கு அது இத்தனை கை.

புதுப்படம் எங்கள் ஊருக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் மதுரையிலிருந்து பழைய படப்பெட்டிதான் வரும். எம்.ஜி.ஆர். படம் என்றால் எத்தனையாவது தடவை போட்டாலும் பெஞ்ச் நிறைந்துவிடும். அதனால் நீ ‘ரெபர்ட்டரி’ என்று ஒரு வார்த்தை சொல்லி, பழைய படங்களைத் தேடி எடுத்து மாற்றி மாற்றிப் போடுவது என்று விளக்கியபோது, எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

சிகாகோவில் நீ என்னை அந்தத் தியேட்டருக்குக் கூட்டிப்போன அன்று சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உன் கல்லூரி, ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிகாகோ, 1866இல் தொடங்கியது. 1871இல் ஊரே தீப்பிடித்தபோது அவர்கள் கட்டிடமும் போய்விட்டது, மறுபடி எழுந்து நின்றார்கள். 1972இல் ஃபிலிம் சென்டர் என்கிற இந்தத் தியேட்டரைத் தொடங்கினார்கள். 2001இல் ஸ்டேட் தெருவுக்கு, அந்தப் பெரிய ‘சிகாகோ’ எழுத்துப் பலகை இருக்கிற பழைய தியேட்டருக்கு எதிரே கொண்டுவந்தார்கள். ஜீன் சிஸ்கல் 1999இல் காலமான பிறகு அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் பேப்பரில் படங்களுக்கு விமர்சனம் எழுதியவர், டிவியில் கட்டைவிரலைத் தூக்கியும் இறக்கியும் காட்டியவர் என்றாய். யோசித்துப் பார், ராசா. அவர் யாருக்காக எழுதினார்? காலையில் பேப்பரைப் பிரித்து, சாயங்காலம் எந்தப் படத்துக்குப் போகலாம் என்று பார்க்கிறவர்களுக்காக. அந்தப் பெயரை வைத்த இடத்தில் அவர்களை வெளி ஆட்கள் என்று சொல்லலாமா?

அன்று ஓடிய ஜப்பான் படத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் பளிச்சென்று வந்து போனது. சில விநாடி கழித்து இன்னொன்று. நான் உன் கையைப் பிடித்தேன், நீ பயந்துவிட்டாய். ரீல் முடியப்போகிறது, அடுத்த மெஷினை ஓட்டு என்று ஆபரேட்டருக்குச் சொல்கிற அடையாளம் அது. எங்கள் தியேட்டரில் ஆபரேட்டர் அண்ணன் அதற்காகக் கண் கொட்டாமல் நிற்பார். 35 எம்.எம். பிலிமை இன்னும் அப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது எனக்கு.

படம் முடிந்து உன் பேராசிரியர் பேசினார். அப்புறம் கனத்த கோட்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து, படத்தில் அந்த அம்மா பானைக்குள் கையை விட்டுக் கிளறினாளே, அது என்ன என்று கேட்டார். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ மொழிபெயர்த்துச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் படம் முழுக்க எனக்கும் அதே கேள்விதான். பேராசிரியருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு ஜப்பான் அம்மா சொன்னாள். அது தவிடாம். உப்புப் போட்ட தவிட்டுக்குள் கத்தரிக்காய், வெள்ளரிக்காயைப் புதைத்து வைப்பார்களாம். தினமும் கையை விட்டுக் கிளறாவிட்டால் கெட்டுவிடுமாம். நாம் மாங்காய் ஜாடியைத் தினமும் குலுக்கி வைக்கிற மாதிரிதான்.

சரி, அப்புறம் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கடைசிக் காட்சியில் அந்தப் பானை மூடியபடியே இருந்தது அல்லவா, அன்று அவள் கிளறவில்லை என்றார். அவள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹாலே அமைதியாகிவிட்டது. அந்தப் பெரியவர் கேட்டிருக்காவிட்டால், அந்த ஜப்பான் அம்மா வந்திருக்காவிட்டால், உனக்கும் அந்தக் காட்சி தெரியாமலே போயிருக்கும். ரூமில் லேப்டாப்பில் பார்த்தால் உனக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அந்தக் கல்லூரியில் படித்த இயக்குநர் அபிசாட்போங் வீரசேதகுல் பற்றி நீதான் சொன்னாய். தாய்லாந்தில் கோன் கென் என்கிற ஊரில் வளர்ந்து, கட்டிடக்கலை படித்துவிட்டு அங்கே வந்தவர், 2010இல் கான் திரைப்பட விழாவில் பெரிய பரிசு வாங்கியவர். அவரைப் போல வர வேண்டும் என்றாய். ஆகட்டும், ராசா. நீயும் படம் எடுப்பாய். எடுத்த படத்தை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வேலை முடிந்த களைப்போடு, காசு கொடுத்துப் பார்ப்பார். அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே இருமுகிறார், எங்கே வாட்சைப் பார்க்கிறார் என்று இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள். அதைக் கற்றுக்கொள்ள அந்த ஹாலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கல்லூரி உனக்குக் கட்டணத்தைக் குறைத்தும் கொடுக்கிறது. என் கவுன்ட்டரில் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க எனக்கு அதிகாரம் இருந்ததில்லை.

அந்த வகுப்பை விடாதே. அடுத்த மாதம் என்னென்ன படம் போடுகிறார்கள் என்கிற அட்டையை எனக்கு அனுப்பு. அந்தக் கோட்டு போட்ட பெரியவர் மறுபடி வந்தால் பக்கத்தில் போய் உட்கார். அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா